முழங்கால் சொல்லும் ரகசியம்

நிமிர்ந்து நின்று உங்கள் கால்களைச் சற்றுப் பாருங்கள். இடுப்பருகே தொடை எலும்புகள் இரண்டும் எவ்வளவு தள்ளித் தள்ளி ஆரம்பிக்கின்றன! முழங்காலுக்கு வருவதற்குள் உட்புறமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. சுமார் 10 டிகிரிச் சாய்வுதான். ஆனால் நம் நடையின் ரகசியமே அதில் அடங்கியிருக்கிறது.

சிம்பன்ஸியின் தொடை எலும்பு அநேகமாக நேராகவே கீழே இறங்குகிறது. மரம் ஏறவும் நாலு காலில் ஓடவும் அது போதும். இரண்டு காலில் நடக்கும்போதுதான் சங்கடம்! ஒரு காலைத் தூக்கினால், ஊன்றிய கால் உடம்பின் நடுவுக்குக் கீழே இருப்பதில்லை. ஆகவே அடிக்கு அடி உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, ஆடி ஆடிப் போகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

1973-ல் எதியோப்பியாவில் ஹடார் என்ற வறண்ட பிரதேசத்தில், அமெரிக்க ஆராய்ச்சியாளர் டொனால்டு ஜோஹான்ஸன் ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்தார். 30 லட்சம் வருஷங்களுக்கும் முந்திய அந்தச் சின்னஞ்சிறு மூட்டில் இதே சாய்வு இருந்தது! மறு வருஷமே அந்த வட்டாரத்தில் 'லூஸி' கிடைத்தாள். உயரம் சுமார் மூன்றரை அடி; காலம் 32 லட்சம் வருஷங்களுக்கு முன். அவளும் நிமிர்ந்து நடந்தவள்தான். ஆனால் அவள் இனத்தாரின் மூளை, சிம்பன்ஸியின் மூளையைவிட அதிகம் பெரிதல்ல. மூளை பெருத்ததால்தான் மனிதன் நிமிர்ந்தான் என்று பெருமை பேசியவர்கள் உண்டு. உண்மையில் முந்திக்கொண்டது கால்தான்!

இதைவிட அதிசயம் உங்கள் வீட்டுத் தொட்டிலில் இருக்கிறது. பிறக்கும்போது குழந்தையின் தொடை எலும்புக்கு இந்தச் சாய்வு கிடையாது. எழுந்து நின்று, தத்தித் தத்தி நடக்க நடக்க, உடம்பின் பாரம் மாறி மாறி ஒவ்வொரு காலிலும் விழுகிறது. அதற்கேற்ப, முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பின் உட்பக்கம் கொஞ்சம் அதிகமாக வளர்ந்து சாய்வு உண்டாகிறது. நோயினால் நடக்கவே முடியாமற்போன குழந்தைகளுக்கு இது ஏற்படுவதில்லை.

லட்சக்கணக்கான வருஷங்களாக வந்த சொத்துத்தான். இருந்தாலும் ஒவ்வொரு குழந்தையும் நடந்து நடந்துதான் அதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது! ஆகவே, உங்கள் செல்வம் இரண்டடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தால், உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதுவே எழுந்து நடக்கட்டும்!