இத்தாலியரும் ஆங்கில 'இருந்தது'வும்

மொழிகளை அறியும் இப்பகுதியில் இம்மாதம் 'இருந்தது' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் பயிலும் இத்தாலியரை இது இடறச் செய்யும் விதம் ஆராயத் தக்கது.

முன்பு ஒன்று இருந்ததைக் கூற ஆங்கிலத்தில் ஒருமைக்குத் 'தேர் வாஸ்', பன்மைக்குத் 'தேர் வேர்' என்பர். இத்தாலியத்திலும் 'ச்சேரா', 'ச்சேரனோ' என இப்பாகுபாடு உண்டு. ஆயினும் மக்களைக் குறிக்கும் 'ஜெந்தே' அங்கே ஒருமைச் சொல்! ஆதலால், 'வேர்' வரவேண்டிய இடத்தில் 'தேர் வாஸ் மெனி பீப்பிள்' என்று கூறிவிடுகின்றனர். நம்மிடம் ஒருவர் 'மக்கள் இருந்தது' என்பதைப் போன்றது இது.

இது சிறு பிழையே. பெரிய இடர் வேறொன்று. வட இத்தாலியில், 1963 அக்டோபர் 9 அன்று இரவு, தோக் மலையின் ஒரு பகுதி சரிந்து வயோந்த் நீர்த்தேக்கத்தில் விழுந்தது. அணையைத் தாண்டி எழுந்த பேரலை லோங்கரோனே என்னும் ஊரை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். இதனை அவ்வூரார் ஒருவர் ஆங்கிலத்தில் கூறுவதாகக் கொள்வோம்.

நிகழ்ந்து முடிந்த பேரழிவுக்கு அவருடைய பேச்சு வழக்கு 'ச்சே ஸ்தாத்தோ'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தேர் ஹாஸ் பீன்' என்றாகும். ஆனால் ஆங்கிலத்தில் 1963 என்று ஆண்டைக் குறித்த பின் 'ஹாஸ் பீன்' வரலாகாது. 'தேர் வாஸ்' என்றே கூறல் வேண்டும். ஆண்டு குறிக்காமல், அழிவுச் செய்தியை அன்றே ஓடிவந்து அறிவிப்பவர்க்குத்தான் 'ஹாஸ் பீன்' பொருந்தும்.

அடுத்து, பேரலை கொண்டுபோன பழைய ஆலயம். நெடுநாள் நிலைத்திருந்த பொருளாதலால் அதற்கு அவர் 'ச்சேரா' என்பார். இதுவும் ஆங்கிலத்தில் 'தேர் வாஸ்' ஆகலாம். இத்தாலியர் இரண்டாகப் பிரித்ததை ஆங்கிலம் ஒன்றாக்கிவிடுகிறது! எனினும், முன்பு இருந்தது, இன்று இல்லை என்ற இழப்பை ஐயமின்றி உணர்த்த ஆங்கிலத்தில் 'தேர் யூஸ்டு டு பி' என்னும் தனி வழக்கு உண்டு. இத்தாலியத்தில் இதற்கு நேரான சொற்றொடர் இல்லாமையால் மாணவர் இதனைக் கையாளவே மறந்துவிடுகின்றனர். ஆசிரியர்கள் முதலில் பழக்கவேண்டியது இதுவே என்பது நம் கருத்து.

அந்த அணைக்கோ இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. அது இன்றும் நிற்கிறது; 'தேர் இஸ்' போதும்.