போர் முடிந்ததும் பெண் வேண்டாதவளா?

"பெண்ணுக்கேன் கப்பற்படை?" என்று வில்லியனூரிலும் பாகூரிலும் திண்ணை வேதாந்தம் பேசுவோரை நாம் கேட்கிறோம்: போர் நெருக்கியபோது உங்கள் சாத்திரம் எங்கே போயிற்று?

1942-இல் வெள்ளை அரசு பெண்கள் துணைப்படை கண்டது. அதன் கடற்பிரிவில் இந்நாட்டுப் பெண்கள் தட்டச்சடித்தனர், கோப்புகள் காத்தனர், சங்கேதச் செய்திகளைக் கையாண்டனர். அப்பிரிவின் அதிகாரி கல்யாணி சென், 1945-இல் பிரிட்டன் சென்று அங்குள்ள கடற்படைப் பெண்களின் பயிற்சியைக் கண்டறிந்தார். சேலையே சீருடை! கடல் ஒன்றும் கோபிக்கவில்லை.

போர் ஓய்ந்தது, பிரிவு கலைந்தது. விடுதலை பெற்ற நாடோ, 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தில், அரசு தனியே அறிவித்தாலன்றிப் பெண்ணுக்கு இடமில்லை என்றெழுதிற்று. மருத்துவப் பணி நீங்கலாக, அதிகாரியாக நுழைய 1992 வரை காத்திருந்தாள். நிரந்தரப் பதவிக்கு 2020-இல் உச்சநீதிமன்றமே தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது.

குண்டு விழுகையில் கணக்கெழுதிய கை, குண்டு ஓய்ந்ததும் அடுப்பூதத்தான் ஏற்றதோ? மகளின் விண்ணப்பத்தை மடித்து வைக்கும் தந்தையர் விடை பகரட்டும்!