நிவாரணம் நம் கடை வழியாகவும் வரட்டும்

ஊரில் பணப்புழக்கம் குறைந்தால் அது முதலில் தெரிவது நம் கல்லாவில்தான். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் பாலக்கோட்டுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிய முதலில் கைகொடுத்தது நம் கடன் நோட்டு. அதற்கு அரசாணை எதுவும் கிடையாது. அதில் எழுதிய பாக்கி எத்தனையோ கடைகளில் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.

அரசுகளும் சும்மா இருக்கவில்லை. பொருளாக, ரொக்கமாக, கடனாக என மூன்று வகையில் உதவி வந்தது. இந்த மூன்றும் நம் வியாபாரத்தை ஒரே மாதிரி பாதிக்கவில்லை என்பதைத்தான் வணிகர்களாகிய நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக வழங்கியது. பசியைத் தடுத்த அந்த உதவியை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் 2021 ஜூனில் மாநில அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 14 மளிகைப் பொருள்கள் கொடுத்தது. கடுகு, சீரகம், மஞ்சள்தூள், டீத்தூள், சோப்பு எல்லாம் அதில் இருந்தன. புளி விளையும் நம் மாவட்டத்துக்கும் கால் கிலோ புளி பையில் வந்து சேர்ந்தது. அந்தச் சரக்கெல்லாம் நம் கடைகளில் அடுக்கியிருந்தது. வாங்க வருபவர்தான் இல்லை.

ரொக்க உதவி அப்படியல்ல. 2020-ல் 1,000 ரூபாயும், 2021-ல் இரு தவணையாக 4,000 ரூபாயும் குடும்பங்களின் கைக்கு வந்தன. அதில் கொஞ்சம் பழைய பாக்கிக்கும், கொஞ்சம் புதுச் சரக்குக்கும் நம்மிடம் வந்தது. நாம் மொத்த வியாபாரிக்குக் கொடுத்தோம். அவர் லாரி வாடகையும் மூட்டைக் கூலியும் கொடுத்தார். ஒரே பணம் நாலு கை மாறியது. 2023 ஜூலை 24-ல் நம் மாவட்டத்துத் தொப்பூரில் விண்ணப்பப் பதிவு முகாம் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும் இந்த வகைதான்.

கடன் உதவியின் கதை வேறு. 2020-ல் அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், அந்த ஆண்டு பிப்ரவரி 29-ல் வங்கியில் நிலுவையாக இருந்த கடனில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. வங்கிக் கடனே வாங்காமல் சொந்த முதலில் கடை நடத்தியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய் கடன் வந்தது. கடை வைத்திருந்தவர் அதிலும் சேரவில்லை.

சீர்திருத்தமும் நிலையாக நிற்கவில்லை. பருப்பு இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அவசரச் சட்டம் 2020 ஜூனில் வந்தது. 2021 ஜூலை 2-ல் சில்லறைக் கடைக்கு 5 டன், மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று உச்சவரம்பு வந்தது. மொத்த வியாபாரிக்கான அளவு அதே மாதத்தில் 500 டன்னாக உயர்ந்தது. இப்படி மாறினால் யார் துணிந்து சரக்குப் பிடிப்பார்? அதே ஜூலை 2-ல்தான் வணிகர்களையும் முன்னுரிமைக் கடனுக்காகச் சிறு, குறு தொழில் பிரிவில் சேர்த்தார்கள். நல்ல முடிவு, ஆனால் ஓராண்டுக்கு மேல் தாமதம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு உபரி உணவை வாங்கி ஏழைகளுக்கு நேரடியாக வழங்கியது. பிறகு 1939-ல் ராச்செஸ்டர் நகரில் உணவுக் கூப்பன் திட்டத்தைத் தொடங்கியது. கூப்பனைச் சாதாரண மளிகைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஏழைக்கு உணவு, விவசாயிக்கு விற்பனை, கடைக்காரருக்கு வியாபாரம் என மூவரும் பயன் பெற்றார்கள்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். நெருக்கடியில் அரிசியும் கோதுமையும் நியாயவிலைக் கடையில் கிடைக்கட்டும். மற்ற மளிகைக்கு ரொக்கமோ கூப்பனோ கொடுக்கட்டும். அவசரக் கடனுக்குப் பழைய கடனை அல்ல, கடையின் விற்றுமுதலை அளவுகோலாக வைக்கட்டும்.

நம் பக்கமும் கடமை உண்டு. உத்யம் பதிவு செய்யாதவர்கள் உடனே செய்ய வேண்டும். பில் போட்டு, கணக்கு எழுதி வைக்க வேண்டும். கூப்பன் வரும் நாளில் ஒரு ரூபாய்கூட விலை ஏற்றக் கூடாது. நம்மில் ஒருவர் ஏற்றினாலும், பொருளைப் பையில் போட்டுக் கொடுப்பதே மேல் என்று அரசு சொல்லிவிடும். அப்போது நம்மிடம் பதில் இருக்காது.