மான் அழுத பாட்டு

வேட்டை நாய்களை அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்துகிறான் அரிண்டால். எய்த அம்பு தைத்து மான் விழுகிறது. அருகில் போய்ப் பார்த்தால் அதன் கண்ணில் நீர். மான் அழுமா? அழுகிறதே! அப்போதுதான் புரிகிறது, விழுந்தது மானல்ல, தன் மனைவி. எல்லாம் சித்தம் கலங்கியவனின் தோற்றங்கள். இந்தப் பாட்டை இந்த வாரம் நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். எழுதியவருக்கு அப்போது வயது இருபது. பெயர் ரிச்சர்ட் வாக்னர்.

இந்தப் பாட்டு வரும் 'தேவதைகள்' அவர் எழுதி முடித்த முதல் ஓபரா. 1833இல் வூர்ட்ஸ்பர்க் நகரில், பாடகரான அண்ணன் ஆல்பர்ட்டை அண்டி, சேர்ந்திசைப் பாடகர்களைப் பழக்கும் வேலையில் இருந்தார். கதைக்கு மூலம் வெனிஸ்காரர் கார்லோ கோட்ஸியின் 'பாம்புப் பெண்'. பாட்டும் இசையும் தானே எழுதி, 1834 ஜனவரியில் முடித்தார்.

மானைத் துரத்திப்போன அரிண்டால், ஆடா என்ற தேவதையை மணக்கிறான். எட்டு ஆண்டுகள் அவள் யாரென்று கேட்கக் கூடாது, கேட்டுவிடுகிறான். என்ன நேர்ந்தாலும் சபிக்கக் கூடாது; சபித்துவிடுகிறான். ஆடா கல்லாகிறாள், அவன் சித்தம் கலங்குகிறது. கோட்ஸியின் நாடகத்தில் அவள் பாம்பாவாள், முத்தம் அவளை மீட்கும். வாக்னர் அதை மாற்றினார். அரிண்டாலின் கையில் யாழைக் கொடுத்தார். அவன் பாடப் பாடக் கல் இளகுகிறது. கால் தூசி பட்டுக் கல் பெண்ணான கதை நமக்குத் தெரியும். இங்கே பாட்டுக்கே அந்தச் சக்தி. அந்த வயதில் இசைமேல் எத்தனை நம்பிக்கை!

கேட்கக் கூடாத கேள்வி பிறகு 'லோஹன்கிரின்' ஓபராவில் திரும்ப வருகிறது. ஆனால் இதை வெறும் முன்னோட்டமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இசையமைப்பாளர் வேபரின் சாயல் பல இடங்களில் தெரிகிறது, நீளமும் அதிகம்தான். அந்த மான் அழும் பாட்டு மட்டும் யாரிடமும் கடன் வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

சொந்த ஊரான லைப்சிக்கில் நடிகையான அக்கா ரோசாலி தம்பிக்காக நாடக அரங்கில் பேசிப் பார்த்தார். அவர்கள் இழுத்தடித்தார்கள். அடுத்த ஆண்டு மாக்டபர்க்கில் முன்னிசையை மட்டும் வாக்னர் ஒலிக்கச் செய்தார். அதற்குள் மனம் வேறு ஓபராவுக்குப் போய்விட்டது. ரோசாலி 1837இல் இறந்துபோனார். தம்பியின் தேவதைகளை அவர் மேடையில் பார்க்கவே இல்லை.

வாக்னரும் பார்க்கவில்லை. அவர் இறந்தது 1883இல். ஓபரா மேடையேறியது 1888 ஜூன் 29 அன்று, மியூனிக்கில். ஒத்திகை நடத்தியவர் 24 வயது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். நடத்தும் கோலை மட்டும் அவரிடமிருந்து வாங்கி மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இளைஞன் ஒருவனைக் காக்கவைத்த படைப்பு இன்னொரு இளைஞனையும் நோகடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு. வாக்னர் கட்டிய பைராய்ட் விழா அரங்கில் அது ஏறியதே இல்லை. நான் கேட்பது 1983இல் வொல்ஃப்காங் சவாலிஷ் மியூனிக்கில் நடத்திய கச்சேரியின் பதிவு.

கையெழுத்துப் பிரதியை வாக்னர் 1865இல் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குக்குப் பரிசளித்தார். 1939இல் அது ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாள் பரிசானது. 1945இல் போர் முடிந்தபோது காணாமல் போனது. இசை மட்டும் நகல்களில் தங்கிவிட்டது. மானின் கண்ணில் நீர் வரும் அந்தப் பக்கத்தில் அந்தப் பையன் என்னென்ன அடித்திருப்பான், எதை மாற்றி எழுதியிருப்பான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.