பலகையும் ஒரு தேர்வே!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'தேர்வு' என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. வினாத்தாளும் மணியோசையும் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அன்பர்களே, அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பலவற்றுள் நமக்கு உகந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான். முதல் வகைத் தேர்வைச் சிறு வயது முதல் எழுதி வருகிறேன். இரண்டாம் வகைத் தேர்வை இருபதாம் வயதில்தான் எழுத நேர்ந்தது. அதற்கு வினாத்தாளாக வந்தது, நான்கு சக்கரம் வைத்த ஒரு மரப்பலகை!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சட்டை அண்ணன் போட்டது. செருப்பு, கால் வளர்ந்தாலும் ஆகும் என்று ஓரளவு கூட்டி வாங்கியது. பாடமோ கலந்தாய்வில் எஞ்சியிருந்தது. எதையும் என் அளவு பார்த்து வாங்கிய பழக்கமே எனக்கு இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு 'லாங்போர்டு' ஆட்டத்தின் மேல் ஆசை வந்தது. ஓடும் பலகையின் மேல் முன்னும் பின்னும் நடந்து, கால் மாற்றி, சுழன்று ஆடும் கலை இது. அலைச்சறுக்குவோர் நீளப் பலகையில் நடப்பதிலிருந்து பிறந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இதற்கெனப் போட்டிகளே நடந்திருக்கின்றன. நமக்குச் சக்கரப்பலகை அந்நியம் என்று எண்ண வேண்டாம். மாமல்லபுரத்தில் பலகை ஓட்டிய சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கால் மாற்றி ஆடுவதில் நம் ஒயிலாட்டம் யாருக்குக் குறைந்தது?

ஞாயிறுதோறும் உணவகம் ஒன்றில் பரிமாறி ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்தேன். புதிய வெளிநாட்டுப் பலகைக்கு அது பாதிகூட ஆகாது. ஆகவே எதற்குச் செலவிடுவது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்தேன்.

இந்த ஆட்டத்துக்குப் பலகை 105 முதல் 120 சென்டிமீட்டர் வரை நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையானால் நடக்க இடமிராது. நடுவில் அதிகம் குழியாமல் தட்டையாக இருந்தால் பாதம் தடுமாறாது. இரு முனையும் ஒன்றுபோல் நிமிர்ந்திருந்தால் எப்பக்கம் திரும்பினாலும் ஆடலாம். சக்கரம் 65 முதல் 70 மில்லிமீட்டர். கடினம் 78ஏ அளவிலான மென்மையான யூரித்தேன். தெருவித்தைப் பலகையின் சிறிய, கடினச் சக்கரம் ஒரு கூழாங்கல்லில் தட்டினாலே ஆளைத் தள்ளிவிடும்.

பேரிங் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஏபெக் 9' என்று அச்சிட்டிருந்தால் பறக்கும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண் உற்பத்தித் துல்லியத்தைச் சொல்வது, வேகத்தை அன்று. 70 மில்லிமீட்டர் சக்கரம் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 760 சுற்றுதான் சுற்றும். வீட்டு மிக்ஸியே பல்லாயிரம் சுற்றுச் சுற்றுகிறது! ஆகவே சாதாரண 608 பேரிங்கைத் தூசி தட்டி எண்ணெய் விட்டு வைத்தால் போதும். மிஞ்சிய பணத்தில் முதலில் தலைக்கவசம் வாங்கினேன்.

சென்னையில் ஒருவர் பயன்படுத்திய பலகையை வாங்கி வந்தேன். ஏறினால் மரக்கட்டைபோல் நின்றது. எவ்வளவு சாய்ந்தாலும் திரும்பவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று கலங்கினேன். என் தந்தையார் ஒரகடம் பக்கம் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தார். அச்சைத் தாங்கும் கிங்பின்னைத் தொட்டார். அதைச் சுற்றியிருந்த புஷ்ஷை விரலால் அழுத்தினார். "லோடு பாத்துதாண்டா பட்டை போடணும். இது உன் லோடுக்குப் போட்ட புஷ் இல்ல" என்றார். உண்மை! விற்றவர் எண்பது கிலோ, நான் ஐம்பத்திரண்டு. மென்மையான புஷ் மாற்றியதும் பலகை என் பேச்சைக் கேட்டது. பலகை வளைவதும் லாரிப் பட்டை வளைவதும் ஒரே விதிதான். நான் வகுப்பில் படித்ததைப் பள்ளி தாண்டாத அவர் கைவிரலில் வைத்திருந்தார். அன்று எனக்கு வெட்கமும் பெருமையும் ஒருங்கே வந்தன.

சரி, எங்கே ஆடுவது? இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உருவாகத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் அப்பல்லோ டயரும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் வந்தன. உலகுக்கெல்லாம் சக்கரம் செய்து தரும் மண்ணில், சக்கரத்தின் மேல் நின்று ஆட எனக்கு ஓர் இடம் அகப்படவில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் ஆறுவழிச் சாலை வழவழப்பாகக் கண்ணைச் சிமிட்டுகிறது. ஆனால் கன்டெய்னர் லாரிகள் விரையும் அச்சாலையில் பலகையை வைப்பது மடமை; தோழர்களே, யாரும் முயல வேண்டாம்.

'இது வசதி படைத்தவர் பொழுதுபோக்கு' என்று சிலர் சொல்லலாம். ஆடுகளம் வசதி படைத்தவரிடம் மட்டுமே இருந்தால் அப்படித்தான் ஆகும்! நம் கல்லூரிக் கூடைப்பந்துத் தளம் மாலை ஆறு மணிக்குமேல் வெறுமனே கிடக்கிறது. மென்சக்கரம் அதைக் கீறாது. வாரம் இருமுறை, தலைக்கவசம் கட்டாயம் என்ற விதியோடு, அதை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உடற்கல்வி இயக்குநர் அவர்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன். என் பலகையை யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். புஷ் மட்டும் அவரவர் எடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்!

அடுத்த ஆண்டு நம் முன் பெரிய தேர்வு ஒன்று வரும். மேற்படிப்பா, ஆலை வேலையா? அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அவரவர் எடைக்குப் பொருந்திய விடைகள் அவை. நம் எடையை நாமே நிறுத்துப் பார்த்துத் தேர்வோம்!