சாரத்தைத் துடைத்தவன்

பிரான்சில் ரூவான் நகரத்துக்குப் போன அக்கா மகன் அங்கிருந்து பேராலயத்தின் படத்தை அனுப்பியிருந்தான். கோபுரத்தின் 151 மீட்டர் இரும்புக் கூம்பு பளிச்சென்று நின்றது. 2024 ஜூலையில் சீரமைப்பு வேலைக்கிடையே தீப்பிடித்த கூம்பு. சாரம் எங்கேடா என்றேன்.

"கண்ணை உறுத்திச்சு மாமா, போன்லயே துடைச்சிட்டேன்."

கீழே நின்ற சனங்களையும் சேர்த்தே துடைத்திருந்தான். தேர்ப் படத்தில் மின்கம்பியை அழிப்பவர்களைத் திட்டி நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருவன்!

"மோனே மட்டும் என்ன செஞ்சாராம்?" என்று அடுத்த செய்தி வந்தது. படித்த பிள்ளை. 1892இலும் 1893இலும் ஆலயத்துக்கு எதிரே மாடிகளில் இடம்பிடித்து, காலை, உச்சி, பனிமூட்டம் என்று முப்பதுக்கு மேல் வரைந்தார் ஓவியர் மோனே. பெரும்பாலானவற்றில் முகப்புச் சுவரே சட்டத்தை அடைத்துக்கொள்கிறது. ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1895இல் பாரிஸில் இருபதை மாட்டியபோது, மொத்தத்தையும் அரசே வாங்கட்டும் என்று எழுதினார் அரசியல்வாதி கிளெமான்சோ. நடக்கவில்லை.

என் கட்சி இன்னொரு ஓவியர், பிசாரோ. மறு ஆண்டே, 1896இல், அதே ரூவானுக்கு வந்தார். வயது அறுபத்தைந்து, கண்ணில் ஓயாத உபாதை, அதனால் விடுதி சன்னல்தான் களம். அவர் வரைந்தது சேன் நதியின் இரும்புப் பாலம், அதில் நெரியும் வண்டிகள், நீராவிக் கப்பல்கள், எதிர்க்கரைப் புகைபோக்கிகள். மாறிக்கொண்டிருந்த ஊரில் எதையும் அவர் துடைக்கவில்லை. 1898இல் மறுபடி வந்து, வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் மளிகைத் தெருவை வரைந்தார். அங்கே பேராலயம் கடைகளுக்குப் பின்னால்தான் எட்டிப்பார்க்கும்.

பேராலயத்தை நேராக எடுத்துக்கொண்டது 1896இன் 'பழைய ரூவானின் கூரைகள்' ஓவியத்தில். முன்னால் கூரைமேல் கூரையாகச் சரிந்து கிடக்கும் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் ஆலயம், மேலே மழைநாளின் ஒரே சாம்பல் வானம். மோனேயின் ஆலயங்கள் மூட்டத்துக்குள் கரைகின்றன, என்னுடையது தெளிவாக, திடமாக நிற்கிறது, எனக்குத் திருப்தி என்று மகன் லூசியனுக்கு எழுதினார். மோனேயிடம் அவருக்குப் பொறாமை கிடையாது, அந்த வரிசையை மனதாரப் புகழ்ந்தவர்தான்.

உள்ளூரில் ஓவியம் சேர்ப்பவர் தெப்போ வந்து பார்த்தார். மோனேயின் பேராலயம் ஒன்றை வைத்திருந்தவர், பிற்பாடு தன் சேகரிப்பில் ஒரு பகுதியை நகர அருங்காட்சியகத்துக்கே கொடுத்த பெரிய மனுஷர். வானம் பிடிக்கவில்லை என்றாராம். சரி, படம் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவுகட்டிவிட்டார் பிசாரோ.

சாம்பல் வானம் பிடிக்காத அந்தத் தெப்போவின் தொழில் நிலக்கரி வியாபாரம்.