மழைக்காலத்து யானைகள்

பேரன் கைப்பேசியை நீட்டி, "தாத்தா, இது பிரெஞ்சுல இருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றான். சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தது இப்போதெல்லாம் இதற்குத்தான் உதவுகிறது. சாட் நாட்டிலுள்ள சக்கூமா தேசியப் பூங்காவைப் பற்றிய சுற்றுலா விளம்பரம். கோடையில் போனால் எல்லா மிருகங்களையும் பார்க்கலாம் என்றிருந்தது.

அது பொய்யில்லை. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகிவிடும். மிச்சத் தண்ணீரைத் தேடி யானை, காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்து கூடும். சிட்டுக்குருவி அளவே உள்ள குவேலியாப் பறவைகள் லட்சக்கணக்கில் புகை மாதிரி எழும்பும். படம் பிடிக்க நல்ல காலம்தான்.

ஆனால் அந்தப் பூங்காவின் கதை நடப்பது மற்றப் பாதியில் என்பது என் கட்சி. ஜூனில் மழை பிடித்தால் கரிசல் மண் சேறாகி வண்டி நகராது. பயணிகளுக்குப் பூங்காவை மூடிவிடுவார்கள். யானைகள் வெள்ளத்தை விட்டு மேட்டு நிலம் தேடி எல்லைக்கு வெளியே போகும். 1963-இல் சுமார் 3,000 சதுர கிலோமீட்டருக்குப் போட்ட கோடு அவற்றுக்குத் தெரியுமா என்ன? தந்தத்துக்காகக் கொல்கிறவர்கள் குதிரையில் வந்து காத்திருப்பார்கள். 2002-இல் 4,000-க்கு மேல் இருந்த யானைகள் 2010-இல் 450 அளவுக்கு வந்துவிட்டன. எஞ்சியவை மிரண்டுபோய், குட்டி போடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டன.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஏரி வரைபடம் ஒன்று இருந்தது. கோடையில் அளந்தது. தண்ணீர் இல்லாத இடமெல்லாம் தரை என்று குறித்துவிட்டார்கள். அந்தத் தரையில் வீடு கட்டியவர்கள் ஐப்பசியில் பாத்திரம் பண்டங்களோடு பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கினார்கள். அந்தக் கோப்பை நகல் எடுத்தவன் நான். ஓரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம், எழுதவில்லை.

சக்கூமாவில் 2010-இல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு அரசோடு சேர்ந்து நிர்வாகத்தை ஏற்றது. யானைகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி எங்கே போகின்றன என்று கவனித்தார்கள். அவை போகிற இடத்துக்கே, கொட்டும் மழையிலும், காவலை நகர்த்தினார்கள். விலையும் கொடுத்தார்கள். 2012 செப்டம்பரில், எல்லைக்கு வெளியே ஹெபான் என்னுமிடத்தில், காலைத் தொழுகையில் இருந்த காவலர்கள் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதுவும் மழைக்காலம்தான். 2018-இல் எண்ணியபோது யானைகள் 550-ஐத் தாண்டியிருந்தன. மூன்று வயதுக்குட்பட்ட குட்டிகளே நூறுக்கு மேல்.

சரணாலயத்துக்கு எல்லை வகுப்பவர்கள் மழையில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுக் கோடு போடட்டும். பணமும் ஆளும் பயணிகள் வராத மாதங்களுக்கே கூடுதலாக ஒதுக்க வேண்டும். பேரனிடம் இத்தனையும் சொன்னேன்.

"அப்போ ஆகஸ்டுல போலாமா தாத்தா?"

"மூடியிருக்கும்டா" என்றேன்.